'கலா'வை யாருக்கு விட்டுக்கொடுக்கிறோம்?

எம்.ஐ.ஏ. என்ற பாடகியின் பெயரைக் களுதாவளைச் சந்தியில் இசை தெரிந்த இளைஞர்களிடம் எடுத்தாலும் சரி, மட்டக்களப்பில் நாலு படித்தவர்கள் கூடும் இடத்தில் எடுத்தாலும் சரி, ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும். "அது வெள்ளைக்காரருக்காகச் செய்த பாட்டு. தமிழ் என்று சொல்ல அதில ஒண்டும் இல்ல. எங்கட சனத்தின்ர துன்பத்த வித்துப் பேரெடுத்த பிள்ளை." கொழும்பிலே கேட்டால் பதில் தலைகீழாக இருக்கும். அங்கே அவர் புலிகளின் பிரசாரகர். இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று முரண். ஆனால் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இப்படிச் சொல்பவர்களில் மிகச் சிலரே 2007இல் வெளிவந்த 'கலா' அல்பத்தின் பன்னிரண்டு பாடல்களையும் ஒருமுறையாவது முழுதாகக் கேட்டிருப்பார்கள்.

அந்த அல்பம் தமிழ்க் காதில் பிறந்தது, ஒரு தமிழ்ப் பெண்ணின் தீர்மானத்தில் உருவானது, நாம் உரிமையோடு கேட்க வேண்டியது. இதுவே என் கட்சி. அதன்மேல் சுமத்தப்படும் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் எடுத்துப் பார்க்கலாம்.

முதலில், இசை அவருடையதே அல்ல என்பது. டிப்லோ என்ற அமெரிக்க இசையமைப்பாளர்தான் எல்லாவற்றையும் செய்தார், இந்தப் பிள்ளை முகத்தையும் குரலையும் மட்டும் கொடுத்தது என்று மேற்கத்தையப் பத்திரிகைகள் எழுதின. நம்மவர்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, 1986இல் தாயோடும் உடன்பிறப்புகளோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் சினிமா படித்தார். இசைக்குள் அவர் நுழைந்தது ஒரு ரொக் குழுவின் வாசலால். எலாஸ்டிகா என்ற பிரித்தானிய ரொக் குழு 2000இல் வெளியிட்ட 'தி மெனஸ்' அல்பத்தின் அட்டையை வடிவமைத்தவர் அவர். அந்தக் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கமராவோடு கூடவே போனார். அந்தப் பயணத்தில்தான் பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 என்ற சிறிய தாளக் கருவியை அவருக்கு அறிமுகம் செய்தார். 2005இல் வெளிவந்து பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்த 'அருளர்' என்ற முதல் அல்பம் அந்தக் கருவியில் தட்டித் தட்டி முளைத்தது. டிப்லோவை அவர் சந்திப்பதற்கு முன்பே அதன் பெரும்பகுதி கைவசம் இருந்தது.

'கலா'வை எடுத்தால் விஷயம் இன்னும் தெளிவு. பெரும்பாலான பாடல்களின் தயாரிப்பில் எம்.ஐ.ஏ.யின் பெயரும், ஸ்விட்ச் என்று அழைக்கப்படும் டேவ் டெய்லரின் பெயரும் சேர்ந்து இருக்கின்றன. டிப்லோவின் கை சில பாடல்களில் மட்டுமே. 2007இல் ஒரு நேர்காணலில் எம்.ஐ.ஏ.யே இதை மனம் நொந்து சொன்னார்: பெண் செய்த வேலைக்குப் பின்னால் ஓர் ஆண் இருந்தே ஆகவேண்டும் என்று எழுதுபவர்கள் நினைக்கிறார்கள் என்று. ஏ. ஆர். ரஹ்மான் ஒரு பாடலில் பத்துப் பேரின் வாத்தியத்தைச் சேர்த்தால் அதை ரஹ்மானின் இசை என்கிறோம். இந்தப் பெண் சேர்த்தால் மட்டும் ஏன் வாத்தியக்காரரைத் தேடிப் போகிறோம்?

அடுத்த குற்றச்சாட்டுத்தான் நம் பக்கத்தில் அதிகம் கேட்பது. 'அதில் தமிழ் எங்கே?' என்ற கேள்வி. பாடல் வரிகள் ஆங்கிலம். அதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் தமிழிசை என்றால் வரி மட்டும்தானா? நம் கூத்துக் களரியில் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டி, சல்லாரிச் சத்தம் எழுந்ததும், வரவுப் பாட்டின் முதற்சொல் வருமுன்பே கூடியிருக்கும் சனம் நிமிர்ந்து உட்காருகிறது. கண்ணகையம்மன் சடங்கில் உடுக்கை பேசத் தொடங்கியதும் உரு வருகிறது. அங்கெல்லாம் தாளமே நமக்குப் பாஷையாக இருக்கிறது. எம்.ஐ.ஏ. தேடிப் போனதும் அந்தப் பாஷையைத்தான்.

2006இல் அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. அங்கே டிம்பலாண்ட் என்ற பெரிய தயாரிப்பாளரோடு அல்பத்தைச் செய்வதாக இருந்தது. அந்த வழி அடைபட்டதும் அவர் இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்தார். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் தன் ஏ.எம். ஒலிப்பதிவுக்கூடத்தைப் பயன்படுத்த இடம் கொடுத்தார். அங்கே எம்.ஐ.ஏ. வீணை வித்துவானையோ வயலின் குழுவையோ கூப்பிடவில்லை. உறுமி மேளக்காரரைக் கூப்பிட்டார். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தொண்டைக்குள் இருந்து வருவதுபோல் ஓர் உறுமல் எழும். மறுபக்கம் அடி. தமிழ்நாட்டில் சிறுதெய்வக் கோயிலிலும் சாவு வீட்டிலும் கேட்கும் சத்தம் இது. சபா மேடைகளில் இதற்கு இடம் கிடைப்பது அரிது.

'பேர்ட் ஃப்ளூ' பாட்டை நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேளுங்கள். மெட்டு என்று பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காது. முதலிலேயே தோல் வாத்தியங்கள் முட்டி மோதிக்கொண்டு வருகின்றன. நடுவில் பிள்ளைகளின் கூச்சல். மேலே அவருடைய குரல் பாடுவதில்லை, சொற்கட்டுச் சொல்வதுபோல் அடி அடியாக வெட்டி வெட்டி விழுகிறது. மேற்கத்தையப் பொப் பாட்டில் அடி நேராக நடக்கும். நாலு எண்ணினால் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்துவிடும். இங்கே உறுமியின் தேய்ப்பு அந்த நாலுக்குள் அடங்காமல் வழிகிறது, அடிக்கு முன்னும் பின்னும் இழுபடுகிறது. ஸ்விட்ச் அதைக் கணினியில் நேராக்கிச் சீர்செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்தக் கோணலை அப்படியே விட்டதுதான் இந்த அல்பத்தின் பெரிய தீர்மானம். 'பாய்ஸ்' பாட்டிலும் 'வேர்ல்ட் டவுன்' பாட்டிலும் அதே மேளம்தான். இரவிரவாக வடமோடிக் கூத்துப் பார்த்து வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகப் படவே முடியாது.

நம் பறையையும் உறுமியையும் தாழ்ந்த வாத்தியம் என்று ஒதுக்கியவர்கள் நாம்தான். மட்டக்களப்பில் பறைமேளக் கூத்தைக் கலையாக மேடையேற்றுவதற்கே எத்தனை பேர் எத்தனை காலம் வாதாட வேண்டியிருந்தது! அப்படி ஒதுக்கப்பட்ட தோலின் சத்தத்தை உலகத்தின் காதில் கொண்டுபோய் வைத்தவரைப் பார்த்து 'தமிழ் எங்கே' என்று கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அல்பத்தின் முதல் பாடல் 'பம்பூ பங்கா'. அதில் இளையராஜாவின் 'காட்டுக்குயிலு' பாடலின் ஒரு துண்டு ஓடுகிறது. 1991இல் அந்தப் பாட்டு இடம்பெற்ற 'தளபதி' படம் வந்த காலத்தில் மின்சாரம் இல்லாமல் பற்றரியில் வானொலி கேட்ட வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அந்தப் பாட்டின் தாளம் ஓர் அனைத்துலக அல்பத்தின் வாசலில் நின்று வரவேற்கிறது. 'பம்பூ பங்கா'விலேயே ஜொனதன் ரிச்மனின் 'ரோட்ரன்னர்' என்ற அமெரிக்க ரொக் பாடலின் நிழலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிப் போகும் துணிவு யாருக்கு வரும்? தமிழ்ச் சினிமாப் பாட்டும் லண்டன் வானொலியும் ஒரே வீட்டுக்குள் ஒலிக்க வளர்ந்த பிள்ளைக்குத்தான் வரும்.

சரி, அப்படியானால் இது களவுதானே என்று அடுத்த கேள்வி வரும். இளையராஜாவிடம் ஒன்று, 'டிஸ்கோ டான்சர்' என்ற இந்திப் படத்திடம் ஒன்று, ரொக் குழுக்களிடம் சில. ஒட்டுவேலைக்கு எதற்குப் பாராட்டு என்கிறார்கள். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது தி கிளாஷ் என்ற பிரித்தானியப் பங்க் ரொக் குழுவின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலின் கிட்டார். 1982இல் 'கொம்பட் ரொக்' அல்பத்தில் வந்தது. ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. அந்தக் குழுவின் நால்வர் பெயரும் பாட்டின் ஆக்கியோர் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தப் பழைய பாட்டு, எந்த நாட்டாலும் வேண்டாதவர்களாக்கப்பட்ட குடியேறிகளைப் பற்றியது. கால் நூற்றாண்டு கழித்து ஒரு குடியேறியின் மகள் அதே கிட்டாரை எடுத்து, அதன் மேல் நின்று பதில் சொல்கிறார். வெள்ளைக்கார ரொக் குழு அனுதாபத்தோடு பார்த்த அகதி, இங்கே தானே வாய் திறந்து பேசுகிறார். கிளாஷ் குழுவை விரும்பும் பழைய ரொக் இரசிகர்கள் பலரும் இதைப் புரிந்துகொண்டார்கள். 'ஜிம்மி'யும் அப்படித்தான். சின்ன வயதில் விருந்துகளில் அவர் ஆடிய இந்திப் பாட்டு அது. ஆங்கில வரியோடு அதை மறுபடி பாடியிருக்கிறார். நம் வீடுகளில் ஹிந்திப் படப் பாட்டுக்கு ஆடாத பிள்ளை உண்டா?

பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். புலிப் பிரசாரம் என்பது. 2008இல் இலங்கை வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க ராப் பாடகர் டிலோன் ஒரு வீடியோவே வெளியிட்டு அவரைப் பயங்கரவாதத்தின் ஆதரவாளர் என்று சாடினார். கொழும்பில் இன்றும் பலருக்கு அதுவே முடிந்த முடிவு. இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது தந்தையின் வரலாறு. அருள்பிரகாசம், அருளர் என்ற இயக்கப் பெயரில், 1975இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகாலத்தவர். 1977 கலவரத்தில் அகதிகளை ஏற்றிவந்த கப்பலை வைத்து 'லங்கா ராணி' என்ற நாவல் எழுதியவர். ஈரோஸ் வேறு, விடுதலைப் புலிகள் வேறு. இது கிழக்கில் வாழ்ந்த எவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இயக்கங்களுக்கிடையே என்ன நடந்தது, யார் யாரைச் சுட்டார்கள் என்பதெல்லாம் நம் வீட்டு முற்றங்களில் நடந்தவை. 'புலியின் மகள்' என்று எழுதிய பத்திரிகைகள் எழுதுமுன் அந்த ஒரு வித்தியாசத்தைக்கூட விசாரிக்கவில்லை.

இந்த இடத்தில் நான் அவருக்காக முழுதாக வாதாடப் போவதில்லை. 'அருளர்' காலத்து ஓவியங்களில் புலிகளும் பெற்றோல் குண்டுகளும் அழகுப் பொருளாக வந்து போகின்றன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதை அறிந்த ஊர்கள் இவை. அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழர்கள் இராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். 2004 ஏப்ரலில் வெருகலில் ஒரே சீருடைக்காரப் பிள்ளைகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இப்படிப்பட்ட மண்ணில் இருந்து பார்க்கும்போது புலி உருவம் ஒரு சட்டையின் அச்சாக மாறுவது உறுத்தத்தான் செய்கிறது. அந்த உறுத்தல் நியாயமானது. எவரும் அதைச் சிறிதாக்கக் கூடாது.

ஆனால் அந்த உறுத்தலைக் காட்டி 'கலா'வைத் தள்ளிவைக்க முடியாது. 'கலா' தாயின் பெயர். இயக்கத்துக்குப் போன கணவன் ஒரு பக்கம், மூன்று பிள்ளைகள் மறு பக்கம் என்று யாழ்ப்பாணத்திலும் மதராசிலும் அல்லாடி, கடைசியில் லண்டனில் ஊசியும் நூலுமாகப் பிழைத்த பெண். பிரித்தானிய அரசு விருதாகக் கொடுக்கும் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை 1986 முதல் அவருடையது. மகளுக்கே அந்த எம்.பி.ஈ. விருது அறிவிக்கப்பட்டபோது, 2019இல், இந்தச் செய்தியை மகள் வெளியில் சொன்னார். அந்தத் தாயின் பெயரில் வந்த அல்பத்தில் இயக்க மகிமை பாடப்படவில்லை. விசா, எல்லை, சந்தை, கடத்தல், கூலி, இருபது டொலருக்கு விற்கும் துப்பாக்கி, எந்த நாட்டிலும் பிழைக்கத் தெரிந்த ஏழைச் சனம், இவைதான் பேச்சு. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் வரும் வெடிச்சத்தத்தையும் காசுப்பெட்டிச் சத்தத்தையும் வைத்து அவர் செய்வது பகிடி: குடியேறி என்றாலே கொள்ளைக்காரன் என்று பார்க்கும் அதிகாரியின் கண்ணைப் பார்த்து எறிந்த பகிடி. எம்.டி.வி. அந்த வெடிச்சத்தத்தை மழுங்கடித்து ஒளிபரப்பியது. பகிடி விளங்காதவர்கள் கொழும்பில் மட்டும் இல்லை.

'கலா' வெளிவந்த காலத்தையும் சற்று நினைத்துப் பாருங்கள். 2007 ஜனவரியில் போரில் வாகரை விழுந்தது. மார்ச்சில் படுவான்கரைச் சனம் வாவி கடந்து எழுவான்கரைக்கு ஓடிவந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கப் பாடசாலைகளிலும் பொது இடங்களிலும் வெள்ளாமையையும் மாடுகளையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். மாவட்டம் முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்திருந்தார்கள். ஜூலையில் தொப்பிகல வீழ்ந்ததை அரசு விழாவாகக் கொண்டாடியது. ஆகஸ்டில் இந்த அல்பம் வந்தது. நம்மைப் பற்றி அனைத்துலகத் தொலைக்காட்சிகள் அதிகம் பேசாத மாதங்கள் அவை. மேற்கில் இலங்கைத் தமிழ் என்ற சொல்லை இளைஞர்களின் வாயில் வரவழைத்தது அப்போது இந்த ஒரு பெயர்தான். 2009இல் வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமர்ந்து அதைச் சொன்னவரும் அவரே. துன்பத்தை விற்றார் என்கிறீர்கள். வாயை மூடிக்கொண்டு பாடியிருந்தால் இன்னும் நன்றாக விற்றிருக்கும். பேசியதால்தான் சந்தையில் அவருக்கு விலை குறைந்தது.

'ஒரே பாட்டு, அதுவும் சினிமா செய்த புண்ணியம்' என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 'பேப்பர் பிளேன்ஸ்' 2008இல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் முன்னோட்டத்தில் வந்த பிறகே அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் நாலாம் இடம்வரை ஏறியது என்பதும், 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் வந்தது என்பதும் உண்மை. ஆனால் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 'கலா'வை 2007ஆம் ஆண்டின் முதலாவது அல்பமாகத் தெரிந்தது அதற்கு முந்தியே. அமெரிக்க அல்பப் பட்டியலில் அது 18ஆம் இடம்வரைதான் போனது, பிரித்தானியாவில் 39. விற்பனை நடுத்தரம், மதிப்பு உச்சம். ரொக் இசையின் வேதமாகக் கருதப்பட்ட ஒரு பத்திரிகை, கிட்டாரும் ட்ரம்ஸும் கொண்ட அத்தனை குழுக்களையும் தாண்டி உறுமியைக் கேட்டுத் தலையசைத்திருக்கிறது. நம் பத்திரிகைகள் அந்த ஆண்டில் அதைப் பற்றி எத்தனை பத்தி எழுதின என்று தேடிப் பார்க்கலாம்.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய முணுமுணுப்பு ஒன்று உண்டு. 'அவ யாழ்ப்பாணத்து ஆள், லண்டன் ஆள். எங்களுக்கு என்ன?' இந்த மனக்குறையின் வேர் எனக்குத் தெரியும். கிழக்கின் கதை எப்போதும் வடக்கின் கதைக்குப் பின்னால்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இசையில் இந்தக் கோபத்தைக் காட்டினால் நட்டம் நமக்குத்தான். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் வடக்கில் பிறந்தவர். 'சுராங்கனி' பாடிய ஏ. ஈ. மனோகரனைத் தமிழ், சிங்களம் என்று பாராமல் நாடே கொண்டாடியது. இவர்களின் பொப்பிசையையும் அந்நாளில் கொச்சை என்று ஒதுக்கிய பெரியவர்கள் இருந்தார்கள். இன்று கல்யாண வீட்டில் அந்தப் பாட்டுகள் இல்லாமல் ஆட்டம் தொடங்குவதில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டபோது, மறந்துபோன ஒரு வாத்தியத்துக்காக எங்கெங்கோ தேடினார். சங்க நூல்களையும் தேடினார், மேற்கத்தைய ஒலியியலையும் கணக்கையும் கற்றார். பழையதை மீட்க வெளியில் இருந்து எதையும் எடுக்கலாம் என்ற துணிவை அவர் நமக்கு விட்டுப் போயிருக்கிறார்.

எனவே கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசையும் கூத்தும் படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'கலா'வைப் பாடமாக வையுங்கள். 'பேர்ட் ஃப்ளூ'வின் உறுமித் தாளத்தை மாணவர்கள் எழுதிப் பார்க்கட்டும், நம் மத்தளத் தாளக்கட்டோடு வைத்து ஒப்பிடட்டும். எங்கே ஒன்றுகிறது, எங்கே விலகுகிறது என்று அவர்களே சொல்லட்டும். களுதாவளையிலும் தேத்தாத்தீவிலும் செட்டிபாளையத்திலும் கைத்தொலைபேசியில் பாட்டுச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சென்னையில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் ஆயத்தமாகக் கிடைக்கும் தாளத் துண்டுகளை இறக்குவதை ஒரு கிழமைக்கு நிறுத்துங்கள். ஊரில் இன்னும் மத்தளம் பிடிக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்கள், உடுக்கடிப்பவர்கள் இருக்கிறார்கள், பறை முழக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், உரிய கூலியும் மரியாதையும் கொடுத்து, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள்.